கூட்டுறதுக்கு அது என்ன சம்பளமா?

மாரி தொடங்கினா எங்கட கரையில ரெண்டு சாமான் பெருகும். ஒன்று நுளம்பு. மற்றது ‘நோய் எதிர்ப்புச் சக்தியைக் கூட்டும்’ என்று எழுதின போத்தல். நுளம்பைத் தேடிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வீடு வீடா வருவார். பூச்சாடியில தண்ணி தேங்கிக் கிடந்தா ஏசுவார், ஒத்துவராட்டி வழக்கும் போடுவார். போத்தலைத் தேடி ஒருத்தரும் வாறதில்ல. அது பாமசியில கண்ணாடி அலுமாரிக்குள்ள மரியாதையா நிக்கும். வட்ஸ்அப் குறூப்பில ஒரு துஆவுக்கும் ஒரு ஜனாஸா அறிவித்தலுக்கும் இடையில வந்து விழும். மருதமுனையில இருந்து அக்கரைப்பற்று வரைக்கும் அதைக் காணாத வீடு குறைவு.

இந்தக் கட்டுரை அந்தப் போத்தலுக்கு எதிரானது. அதைவிட, அந்தப் போத்தலை விற்க உதவுகிற எண்ணத்துக்கு எதிரானது. எதிர்ப்புச் சக்தி என்பது உடம்புக்குள்ள இருக்கிற ஒரு தண்ணித் தாங்கி மாதிரி; மட்டம் குறைஞ்சா நோய் வரும், நிரப்பிவிட்டா நோய் போகும் என்கிற எண்ணம். இது பிழை. வெறும் பிழை என்றால் சிரிச்சிட்டுப் போயிரலாம். ஆனா டெங்கு வாற ஊரில இந்த எண்ணம் ஆளைக் கொல்லும்.

விற்கிறவங்களிடம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான். உங்கட மருந்து உண்மையிலேயே எதிர்ப்பைக் கூட்டுமா, கூட்டாதா? கூட்டாது என்றால் நீங்க செய்றது களவு. கூட்டும் என்றால், டொக்டரின் துண்டு இல்லாம, ஒரு இரத்தப் பரிசோதனை இல்லாம, பால்குடி மறக்காத பிள்ளைக்கும் சேர்த்து அதை விற்கிறீங்களே, அது களவை விடப் பெரிய குற்றம். ரெண்டில எது என்று நீங்களே தெரிவு செய்யுங்க.

ஏன் குற்றம்? அதை விளங்கிக்கொள்ள, அந்தக் கலங்கள் உடம்புக்குள்ள என்ன செய்யுது என்று கொஞ்சம் பார்க்க வேணும்.

பள்ளிக்கூடத்தில விஞ்ஞானம் படிச்ச எல்லாருக்கும் ‘நிர்ப்பீடனம்’ என்ற சொல் தெரியும். பரீட்சைக்குப் பாடமாக்கி, எழுதி, மறந்துபோன சொல். அதைப் பிரிச்சுப் பாருங்க. ‘நிர்’ என்றால் இல்லாமை. ‘பீடனம்’ என்றால் வருத்துதல், பீடித்தல். நோய் பீடிக்காத நிலை. பாடப்புத்தகத்துச் சொல் ஒரு நிலையைச் சொல்லுது. கடைக்காரனின் சொல் ஒரு சக்தியைச் சொல்லுது. நிலையை விற்க ஏலாது. சக்தியைப் போத்தலில் அடைக்கலாம், கரண்டிக் கணக்கில் கொடுக்கலாம், ‘ரெண்டு மடங்கு’ என்று லேபலும் ஒட்டலாம். வியாபாரத்துக்கு எந்தச் சொல் வசதி என்று சொல்லத் தேவையில்லை.

ஊரில அமைதி கிடக்கு, அல்லது இல்லை என்று சொல்லலாம். அமைதியைக் கூட்டுறோம் என்று சொல்லி, சந்திக்குச் சந்தி இன்னும் ரெண்டாயிரம் ஆமியைக் கொண்டுவந்து நிறுத்தினா அமைதி கூடுமா? கிழக்கில பிறந்த எங்களுக்கு இதை ஒருத்தரும் விளங்கப்படுத்தத் தேவையில்லை. ஆயுதம் தூக்கினவன் எத்தனை பேர் என்பதைவிட, அவனை யார் கட்டுப்படுத்துறது, எப்ப சுடணும் எப்ப நிறுத்தணும் என்று யார் சொல்றது என்பதுதான் எங்கட உயிருக்கு முக்கியமாக இருந்தது. உடம்புக்குள்ளயும் அதேதான்.

2025ஆம் ஆண்டு மருத்துவத்துக்கான நோபல் பரிசு இந்த விசயத்துக்குத்தான் கிடைச்சது. மேரி பிரன்கோ, பிரெட் ராம்ஸ்டெல், ஷிமோன் சகாகுச்சி என்று மூன்று பேர். சகாகுச்சி ஜப்பான்காரர். உடம்பைத் தாக்காதபடி மற்றக் கலங்களை அடக்கி வைக்கிறதுக்கென்றே தனியான ஒரு வகை டி கலம் இருக்கு என்று 1995இல் காட்டினார். அப்படி ஒரு கலம் இருக்கவே இருக்காது என்று துறையில் பலர் நினைச்சிருந்த காலம் அது. பிரன்கோவும் ராம்ஸ்டெலும் அமெரிக்காவில ஒரு வகை எலியை ஆராய்ந்தார்கள். ஆண் குட்டிகள் தோல் செதில் செதிலாகி, நிணநீர் முடிச்சுகள் வீங்கி, சில வாரங்களில் செத்துப்போகும். 2001இல் காரணம் தெரிஞ்சது: பொக்ஸ்பி3 என்ற ஒரு பரம்பரையலகில் பிழை. அந்தப் பரம்பரையலகுதான் அடக்குகிற கலங்களை உருவாக்குது. அதே பிழையோடு பிறக்கிற ஆண் பிள்ளைகளும் இருக்காங்க. கைக்குழந்தையாக இருக்கும்போதே ஓயாத வயிற்றோட்டம், தோல் நோய், இன்சுலின் ஊசி போட வேண்டிய நீரிழிவு.

அந்தப் பிள்ளைகளுக்கு எதிர்ப்புச் சக்தி குறைஞ்சு போகல்ல. அடக்க ஆளில்லாம அது கூடிப்போயிருந்தது.

இது தூரத்து நாட்டு அபூர்வ நோய் என்று நினைக்காதீங்க. பிள்ளைகளுக்கு வருகிற முதலாம் வகை நீரிழிவு, கை மூட்டுகளைக் கோணலாக்கிற முடக்குவாதம், இளம் பெண்களைத் தேடிவந்து முகத்திலயும் மூட்டிலயும் சிறுநீரகத்திலயும் கைவைக்கிற லூபஸ், இதெல்லாம் தன்னுடைய கலங்களே தன்னைத் தாக்குற நோய்கள்தான். எங்கட ஊர்களில இந்த நோயாளிகள் மாதா மாதம் கிளினிக் போறாங்க, எதிர்ப்பை அடக்குகிற குளிசை எடுக்கிறாங்க. ஜெர்மனியின் எர்லாங்கன் நகரத்தில லூபஸ் வந்த ஐந்து பேருக்கு, அவங்கட டி கலங்களையே வெளியில எடுத்து மாற்றியமைத்து, நோய்க்குக் காரணமான பி கலங்களை அழிக்கிறதுக்கு அனுப்பினாங்க. 2022இல் முடிவு வெளிவந்தது: ஐந்து பேருக்கும் நோய் அடங்கியிருந்தது, வேற மருந்தும் தேவைப்படல்ல. ஒரு பக்கம் உலகத்தின் மிகப் பெரிய ஆய்வுகூடங்கள் நிர்ப்பீடனத்தை எப்படி அடக்குறது என்று தலையைப் பிய்க்குது. இன்னொரு பக்கம் எங்கட ஊரில லூபஸ் இருக்கிற ஒரு ராத்தாவுக்கு, குடும்பத்தில ஒருத்தர் அன்போட ‘எதிர்ப்புச் சக்தி கூட்டுற’ பாணி வாங்கிக் கொடுக்கிறார்.

சரி, உண்மையிலேயே எதிர்ப்பைக் கூட்டுகிற மருந்து உலகத்தில இல்லையா? இருக்கு. டி கலங்களின் பிரேக்கைக் கழற்றிவிட்டு, அவை புற்றுநோயைத் தாக்க வைக்கிற மருந்துகள். அதுக்கு வழிகாட்டின ஜேம்ஸ் அலிசனுக்கும் தசுகு ஹோஞ்சோவுக்கும் 2018இல் நோபல் கொடுத்தாங்க. முன்பென்றால் சில மாதங்களில் மௌத்தாகியிருக்கக்கூடிய நோயாளிகள் சிலர் இந்த மருந்தால் வருசக்கணக்கில் வாழ்றாங்க. ஆனா பிரேக் கழன்ற கலம் புற்றுநோயோட நிக்கிறதில்ல. சிலருக்குக் குடல் அழலும், சிலருக்குத் தைரொயிட் சுரப்பி செயலிழக்கும், அரிதாக இருதயத் தசையே தாக்கப்படும். அதனால்தான் அந்த மருந்தை விசேட வைத்தியர் பார்வையில, அடிக்கடி இரத்தம் சோதிச்சுக் கொடுக்கிறாங்க. உண்மையான ‘எதிர்ப்புக் கூட்டி’ அப்படித்தான் இருக்கும். அதைத் தேநீரில் கலக்கி முழுக் குடும்பத்துக்கும் கொடுக்க ஏலாது.

இனி எங்கட ஊர் நோய்க்கு வருவம்.

2017இல் இலங்கையில் 1,86,101 பேர் டெங்கு என்று பதிவானாங்க. 440 பேர் இறந்தாங்க. அதுக்கு முன்னும் பின்னும் இப்படி ஒரு வருசம் இல்லை. அந்த வருசத் தொடக்கத்தில கிண்ணியா பட்ட பாடு எங்களுக்கு இன்னும் ஞாபகம் கிடக்கு. அந்தக் கொள்ளைநோயின்போது முன்னுக்கு வந்தது டெங்கு வைரஸின் இரண்டாம் வகை. வைரஸில் மொத்தம் நாலு வகை. ஒரு வகை ஒருமுறை வந்தா, அந்த வகையிடமிருந்து நீண்ட காலப் பாதுகாப்பு கிடைக்கும். மற்ற மூன்றிடமிருந்தும் கிடைக்கிற பாதுகாப்பு சில மாதங்களில் தேய்ஞ்சு போயிரும். தேய்ஞ்ச பிறகு இன்னொரு வகை வந்தா, முதல்முறையைவிடக் கடுமையாகிற ஆபத்துக் கூடுது.

ஏன்? முதல் தொற்றில் உருவான பிறபொருளெதிரிகள் இரத்தத்தில் மிச்சமிருக்கும். புதிய வகை வைரஸோட அவை ஒட்டும், ஆனா அதைச் செயலிழக்க வைக்கிற அளவுக்கு ஒட்டாது. இப்படி அரைகுறையாக ஒட்டின வைரஸை, விழுங்குற வேலை பார்க்கிற வெண்குழியங்கள் வந்து உள்ளே இழுத்துக்கொள்ளும். டெங்கு வைரஸ் பெருகுறதுக்கு விரும்புகிற இடமே அந்த வெண்குழியங்கள்தான். கள்ளனுக்குக் கதவு திறந்துவிடுறது வீட்டுக் காவல்காரன். ஸ்கொட் ஹோல்ஸ்டெட் என்ற அமெரிக்க மருத்துவர் 1960களில் பாங்கொக்கில் பிள்ளைகளைக் கவனிச்சபோது இதற்கான தடயம் கிடைச்சது. கடுமையான டெங்கோட வந்த பிள்ளைகள் இரண்டு கூட்டம். ஒன்று, இரண்டாம் முறை டெங்கு வந்த பிள்ளைகள். மற்றது, முதல் முறையே கடுமையாக வந்த, ஒரு வயசு நிரம்பாத கைக்குழந்தைகள். குழந்தைக்கு எங்கிருந்து பழைய டெங்கு? உம்மாவிடமிருந்து. உம்மா கொடுத்த பிறபொருளெதிரிகள் மாதம் போகப் போகக் குறைஞ்சு, காப்பாற்ற ஏலாத, ஆனா கதவு திறக்கப் போதுமான அளவுக்கு வந்து நிற்கும்.

நிக்கராகுவாவில 6,684 பிள்ளைகளை வருசக்கணக்கில் பின்தொடர்ந்து செய்த ஆய்வு 2017இல் வெளிவந்தபோது இது இன்னும் தெளிவானது. பிறபொருளெதிரி நிறைய இருந்த பிள்ளைகளுக்குப் பாதுகாப்பு இருந்தது. இடைப்பட்ட ஒரு குறிப்பிட்ட அளவில் இருந்த பிள்ளைகளுக்கு, கடுமையான டெங்கு வருகிற ஆபத்து ஏழு மடங்குக்கும் மேல். அதாவது ‘கொஞ்சம் இருந்தா ஒன்றுமில்லாததைவிட நல்லம்தானே’ என்ற எங்கட பொது அறிவு இந்த நோயிடம் செல்லாது.

வெண்குழியங்களுக்குள்ள வைரஸ் பெருகினா அடுத்தது என்ன? அந்தக் கலங்கள் அவசரச் செய்தி அனுப்பும். சமிக்ஞை இரசாயனங்கள் இரத்தத்தில் கொட்டும். தும்மலும் தடிப்பும் கொண்டுவாற அதே மாஸ்ட் கலங்களும் இதில சேரும். வைரஸ் வெளிவிடுற என்எஸ்1 என்ற புரதமும் தன் பங்குக்கு இரத்தக் குழாயின் உட்சுவரைக் கெடுக்கும். எல்லாம் சேர்ந்து குழாய்ச் சுவரின் பொருத்துகள் தளர, இரத்தத்தின் நீர்ப்பகுதி வெளியே கசிந்து வயிற்றுக்குள்ளயும் நெஞ்சறைக்குள்ளயும் தேங்கும். உள்ளே மிஞ்சிற இரத்தம் தடிக்கும், அமுக்கம் இறங்கும், கை கால் குளிரும். டெங்கில ஆட்கள் பெரும்பாலும் சாகிறது இந்தக் கசிவால்.

இதில் எல்லாரும் தெரிஞ்சிருக்க வேண்டிய இடம் ஒன்று கிடக்கு. கசிவு தொடங்குறது காய்ச்சல் உச்சத்தில நிக்கும்போதல்ல. காய்ச்சல் இறங்கும்போது. அந்த நேரம் இரத்தத்தில வைரஸ் குறைஞ்சுகொண்டு வரும். வைரஸ் நிறைஞ்சு கிடந்த நாட்களில ஆள் எழும்பி நடந்தார். வைரஸ் குறையிற நாளில விழுறார். எதிர்ப்புக் குறைவால வாற நோய் என்றால் இப்படி நடக்குமா? உடம்பின் சொந்தப் பதில் உச்சத்துக்குப் போகிற நேரம் அது. அந்த 24 முதல் 48 மணித்தியாலம்தான் உயிர் தங்கியிருக்கிற நேரம். நேரத்துக்கு ஆஸ்பத்திரியில இருந்தா, குடிக்கிறதையும் சேலைனையும் அளந்து கொடுத்து, சிறுநீரை அளந்து, பெரும்பாலும் எல்லாரையும் காப்பாற்றிடலாம். இலங்கையின் டெங்கு வார்டுகள் இதில நல்ல தேர்ச்சி பெற்றவை.

ஆனா எங்கட வீடுகளில அந்த மணித்தியாலங்களில என்ன நடக்குது? ‘காய்ச்சல் விட்டுட்டு, அல்ஹம்துலில்லாஹ்’ என்று சொல்லி ஆஸ்பத்திரிப் பேச்சை விடுறாங்க. பிள்ளை சோர்ந்து கிடந்தா ‘காய்ச்சல் கிடந்த உடம்பு, எதிர்ப்புச் சக்தி குறைஞ்சு போச்சு’ என்று முடிவெடுக்கிறாங்க. போத்தல் வருது. பப்பாசி இலைச் சாறு வருது. சாறால் குருதிச் சிறுதட்டுகளின் எண்ணிக்கை கொஞ்சம் ஏறுது என்று காட்டுகிற சிறு ஆய்வுகள் இருக்கு, இல்லை என்று சொல்லல்ல. ஆனா கசிவை அது நிறுத்துது என்று ஒரு ஆய்வும் காட்டல்ல. ஆளைக் கொல்றது கசிவு. நாங்க எண்ணிக்கொண்டிருக்கிறது சிறுதட்டை. சாறு குடிக்க வைச்சுக் காத்திருந்த ஆறு மணித்தியாலத்தைத் திருப்பி வாங்க ஏலாது. இதைத்தான் கொலை என்று சொல்றேன். போத்தலில நஞ்சு இருக்கத் தேவையில்லை. போத்தல் நேரத்தைக் குடிக்குது.

இந்த இடத்தில ஒரு புத்திசாலி கேட்பார்: ‘அப்ப எதிர்ப்பை அடக்குற ஸ்டீரொயிட் போட்டாச் சரிதானே?’ சிலர் காய்ச்சலுக்கு அப்படி ஊசி கேட்டு வாங்குறவங்களும்தான். வியட்நாமில டெங்கின் ஆரம்ப நாட்களில 225 பேரை வைச்சு இதைச் சோதிச்சு 2012இல் முடிவு சொன்னாங்க: பயனில்லை. சிக்கலான ஒரு ஒழுங்கை, கூட்டுற சுவிச்சு குறைக்கிற சுவிச்சு என்று நினைக்கிற எல்லாருக்கும் இதே பதில்தான் கிடைக்கும். எந்தக் கலம், எந்தச் சமிக்ஞை, எந்த நாள் என்று தேடத்தான் வேணும்.

அந்தத் தேடல் எங்கட நாட்டிலேயே நடக்குது. ஸ்ரீ ஜயவர்த்தனபுரப் பல்கலைக்கழகத்தில பேராசிரியர் நீலிகா மளவிகேயின் குழு, கசிவு ஏற்படுற நோயாளிகளின் இரத்தத்தில ‘சிறுதட்டைத் தூண்டும் காரணி’ என்ற சமிக்ஞை கூடியிருக்கிறதைக் கண்டது. ஒவ்வாமைக்குக் கொடுக்கிற ருபட்டடீன் என்ற மருந்து அந்தச் சமிக்ஞையைத் தடுக்கும் என்பதால, அதை இலங்கை டெங்கு நோயாளிகளிலேயே சோதிச்சாங்க. 2018இல் வந்த முடிவு முழு வெற்றியில்லை. பிரதான இலக்கு எட்டப்படல்ல, கூடிய அளவு எடுத்தவங்களில சில நாட்களில கசிவு குறைஞ்சதற்கான அடையாளம் தெரிஞ்சது. அதை அப்படியே எழுதினாங்க. எங்கட போத்தல்காரர்களுக்கும் அவங்களுக்கும் உள்ள வித்தியாசம் இதுதான். இதை வாசிச்சிட்டு பாமசிக்கு ஓடி அந்த மருந்தைக் கேட்காதீங்க. அது இன்னும் டெங்கு மருந்தாகல்ல.

பாதி அறிவோட எதிர்ப்பைக் கூட்டப் போனா என்ன நடக்கும் என்பதுக்குப் பிலிப்பைன்ஸ் சாட்சி. 2016 ஏப்ரலில் தொடங்கி அங்க 8 லட்சத்துக்கும் மேற்பட்ட பள்ளிப் பிள்ளைகளுக்கு டெங்குத் தடுப்பூசி போட்டாங்க. 2017 நவம்பரில தயாரிச்ச கம்பனியே அறிவிச்சது: முன்பு டெங்கு வராத பிள்ளைகளுக்கு இந்த ஊசி, பிறகு வருகிற டெங்கைக் கடுமையாக்கலாம். காரணம் மேலே சொன்ன அதே கதவு திறக்கிற கதைதான். தாய்மாரின் நம்பிக்கை உடைஞ்சு, மற்றத் தடுப்பூசிகளையும் மறுக்கத் தொடங்கி, 2019இல் அங்க சின்னமுத்து பரவிப் பல பிள்ளைகள் இறந்தாங்க.

இதைத் தடுப்பூசிக்கு எதிரான கதையாக ஒருத்தரும் வெட்டி ஒட்டக் கூடாது. இலங்கையில் 1993க்குப் பிறகு போலியோ நோயாளி இல்லை. அது ஊசியாலும் சொட்டு மருந்தாலும் வந்த வெற்றி. நல்ல தடுப்பூசி ‘சக்தியைக் கூட்டுறதில்ல’. எந்தக் கிருமி, எந்தக் கலம், எவ்வளவு என்று குறிப்பாகக் கற்றுக்கொடுக்குது. குறிப்பில்லாத இடத்தில அபாயம் இருக்கு என்பதை அந்தத் தடுப்பூசியில கண்டுபிடிச்சதும் அதே விஞ்ஞானம்தான். எந்தப் பாணிக் கம்பனியாவது தன் சரக்கு யாருக்குத் தீங்கு என்று அறிவிச்சதை நீங்க கேள்விப்பட்டிருக்கீங்களா?

கொவிட் காலத்தை மறந்திருக்க மாட்டீங்க. 2020 ஜூனில பிரித்தானியாவில ஒரு பெரிய பரிசோதனை முடிவு வந்தது: எதிர்ப்பை அடக்குகிற டெக்ஸாமெதசோன் என்ற மலிவான, பழைய மருந்து, சுவாச இயந்திரத்தில இருந்த நோயாளிகளின் இறப்பை மூன்றில் ஒரு பங்கு குறைச்சது. ஒட்சிசன் தேவைப்படாத நோயாளிக்கு அதால பயன் கிடைக்கல்ல. நாளும் நிலையும் பார்த்துக் கொடுத்தால்தான் மருந்து. அதே வருசம் டிசம்பரில கேகாலையில ஒரு பாணிக்கு ஆயிரக்கணக்கில் சனம் வரிசையில நின்றது. சுகாதார அமைச்சர் பகிரங்கமாகக் குடிச்சுக் காட்டினார். அடுத்த மாதம் அவருக்கே கொவிட் உறுதியானது.

அந்த மாதங்களில எங்கட ஜனாஸாக்களை எரிச்சுக்கொண்டிருந்தாங்க. அடக்கம் செய்தா நிலத்தடி நீரில வைரஸ் பரவும் என்றாங்க, ஆதாரம் காட்டல்ல. அடக்கலாம், எரிக்கலாம், ரெண்டும் பாதுகாப்பு என்று உலக சுகாதார நிறுவனம் சொல்லியிருந்தது. பிறந்து 20 நாளான குழந்தையையும் எரிச்ச பிறகு, 2021 பெப்ரவரி கடைசியிலதான் வர்த்தமானி மாறினது. 2024இல் அரசாங்கம் மன்னிப்புக் கேட்டது. விஞ்ஞானம் என்ற பெயரைச் சொல்லி எங்களை அடிச்ச காலம் அது. அதனால எங்கட ஊரில வெள்ளைக் கோட்டு போட்டவனைவிட, சலாம் சொல்லி வாற வியாபாரியை நம்புறது இலகுவாப் போச்சு. அந்தக் காயம் நியாயமானது. ஆனா யோசிங்க: கேகாலைப் பாணியும் எரிப்பு உத்தரவும் ஒரே குடும்பம். ரெண்டும் ஆதாரம் கேட்கப்படாத அதிகாரம். ஒன்றை எதிர்த்து வெள்ளைத் துணி கட்டின நாங்க, மற்றதைக் காசு கொடுத்து வாங்குறம்.

‘கருஞ்சீரகத்தையும் தேனையும் நீ பழிக்கிறியா?’ என்று ஒரு காக்கா கேட்கப் போறார். இல்லை. சுன்னத்தோட எனக்குச் சண்டையில்லை. உம்மா காய்ச்சித் தாற கொத்தமல்லித் தண்ணியோடும் இல்லை, காய்ச்சல்காரருக்கு நீராகாரம் நல்லது. ஹதீஸை லேபலில அச்சடிச்சு, அதுக்குக் கீழ விலையை ஒட்டுறவரோடதான் சண்டை. மார்க்கத்தைச் சாட்சிக்கு அழைச்சு வியாபாரப் பொய் சொல்றது மார்க்கத்துக்கு மரியாதையா?

‘டொக்டர்மாரும் எதிர்ப்புச் சக்தி என்று சொல்றாங்களே’ என்பது அடுத்த கேள்வி. சொல்றாங்க. சாப்பாடு போதாத பிள்ளைக்கு, விற்றமின் குறைந்தவருக்கு, சீனி கட்டுப்படாத நீரிழிவுக்காரருக்குத் தொற்று இலகுவா வரும் என்பது உண்மை. அந்தக் குறையை நிரப்பினா உடம்பு தன் நிலைக்கு வரும். நிரம்பின பிறகு மேலே ஊத்தினா அது வழிஞ்சு போகும், அவ்வளவுதான். நித்திரை கொள்ளுங்க, சிகரெட்டை விடுங்க, பிள்ளைக்கு மீனும் கீரையும் கொடுங்க, ஊசி அட்டையை ஒழுங்காப் பாருங்க. இதில ஒன்றுக்கும் விளம்பரம் வராது, ஒருத்தருக்கும் லாபமில்லை.

கடைசியாக எங்களைப் பற்றி. தொற்றுநோயியல் பிரிவு வாராவாரம் வெளியிடுற அறிக்கையில அம்பாறைக்கு ஒரு வரி, கல்முனைக்குத் தனி வரி. எங்கட காய்ச்சலுக்கென்று தனிக் கணக்கு கிடக்கு, இங்கிலிசில கிடக்கு. ஜயவர்த்தனபுர ஆய்வும் இங்கிலிசில கிடக்கு. தமிழில கிடக்கிறது போத்தல் விளம்பரம். அழகான தமிழ், நல்ல எழுத்துரு, கவிதை மாதிரி வசனம். அதை எழுதிக் கொடுக்கிறது யார்? எங்களில ஒருத்தன்தான். டிசைன் பண்றது எங்களில ஒருத்தி. நாங்க நாவலுக்கு விமர்சனம் எழுதுறம், படத்துக்கு எழுதுறம், ஒரு வரிப் பிழை விட்ட கவிஞனை ஒரு கிழமைக்கு விடமாட்டம். உம்மாவின் கையடக்கத் தொலைபேசிக்கு வாற பொய்க்கு ஒரு பத்தி மறுப்பு எழுத எங்களுக்கு நேரமில்லை. சந்தை எங்கட மொழியைப் பிடிச்சது அது பலசாலி என்பதால மட்டுமில்லை. இடம் காலியாக் கிடந்தது.

எங்கட பள்ளிவாசல் ஒலிபெருக்கி மௌத்து அறிவிக்குது. மாரி காலத்தில ஒவ்வொரு ஜும்ஆவுக்குப் பிறகும் அதிலேயே இதையும் அறிவிக்கச் சொல்லிக் கேட்பம். கேட்கிறது நாங்களாக இருக்கட்டும்:

காய்ச்சல் வந்தா பனடோல் மட்டும், வயசுக்கும் நிறைக்கும் ஏற்ற அளவில. புரூபன், டைக்குளோபினக், அஸ்பிரின் வேணாம். மூன்றாம் நாள் இரத்தம் சோதியுங்க. ஜீவனி, கஞ்சி, இளநீர் என்று குடிச்சுக்கொண்டே இருங்க. காய்ச்சல் இறங்கின நாளில ஆளைத் தனிய விடாதீங்க. கடும் வயிற்று நோ, விடாத சத்தி, முரசில இரத்தம், குளிர்ந்த கை கால், சிறுநீர் குறையிறது, பிள்ளை மயங்கிச் சோர்றது, இதில ஒன்றைக் கண்டாலும் விடியும் வரைக்கும் பார்த்திருக்க வேணாம். அஷ்ரப் ஞாபகார்த்தமோ, கல்முனை வடக்கோ, எது கிட்டவோ அங்க போங்க. ஒரு வயசுக்குக் குறைஞ்ச குழந்தை என்றால் காய்ச்சல் தொடங்கின நாளே கொண்டுபோங்க.

வாசிச்சு முடிக்க ஒரு நிமிசம் போகாது. அதைவிட நீளமா ஓடுது அந்தப் போத்தல் விளம்பரம்.